நீர் வற்றும் வழியே: குண்டலுபேட்டையின் ஏரிகளும் காட்டுத்தடங்களும்

உதகையிலிருந்து கூடலூர், தெப்பக்காடு, கக்கநல்லா வழியாக மைசூருக்குச் செல்லும் சாலையும், கோழிக்கோட்டிலிருந்து தாமரச்சேரிக் கணவாயில் ஏறி வயநாட்டைக் கடந்து வரும் சாலையும் ஒன்றுசேரும் ஊர் குண்டலுபேட்டை. 1997இல் மைசூர் மாவட்டத்திலிருந்து பிரிக்கப்பட்ட சாமராஜநகர் மாவட்டத்தின் வட்டத் தலைநகரான இவ்வூர், கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 800 மீட்டர் உயரத்தில், தெற்கிலும் மேற்கிலும் பந்திப்பூர்க் காடு சூழ, வடக்கிலும் கிழக்கிலும் வயல்களும் ஏரிகளும் விரிந்த பீடபூமியின் மீது அமைந்திருக்கிறது. காரில் கடப்பவர் இந்த நிலத்தைச் சூரியகாந்தி வயல், காடு, சோதனைச்சாவடி என்று மூன்று துண்டுகளாகவே பார்க்க நேரிடுகிறது. மணிக்கு 4 அல்லது 5 கிலோமீட்டர் வேகத்தில் நடப்பவருக்கும் 15 கிலோமீட்டர் வேகத்தில் மிதிவண்டியில் செல்பவருக்கும் அந்தத் துண்டுகளை இணைக்கும் ஒன்று தென்படத் தொடங்குகிறது. மழை விழுந்த இடத்திலிருந்து அது மறைந்துபோகும் இடம் வரையிலான நீரின் பயணமே அது.

அந்தப் பயணத்தின் முதல் கட்டத்தை வயநாட்டுச் சாலையே நீளவாக்கில் வெட்டிக் காட்டுகிறது. கணவாயின் உச்சியில் உள்ள லக்கிடி ஆண்டுக்கு 3,000 மில்லிமீட்டருக்கும் மேல் மழை பெறுகிறது. அங்கிருந்து ஏறக்குறைய நூறு கிலோமீட்டர் கிழக்கே உள்ள குண்டலுபேட்டைக்குக் கிடைப்பது 700 மில்லிமீட்டர் அளவு மட்டுமே. தென்மேற்குப் பருவக்காற்று மேற்குத்தொடர்ச்சி மலையில் மோதி மேலெழும்போது, உயரத்தில் அழுத்தம் குறைவதால் காற்று விரிந்து குளிர்கிறது. அதிலுள்ள நீராவி நீர்த்துளிகளாகி மலையின் மேற்குச் சரிவிலேயே பெரும்பாலும் கொட்டிவிடுகிறது. முகட்டைத் தாண்டிக் கீழிறங்கும் காற்றோ அழுத்தம் கூடுவதால் ஒரு கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 10 டிகிரி செல்சியஸ் என்ற கணக்கில் சூடேறுகிறது; சூடேறிய காற்று மேலும் நீராவியைத் தாங்கிக்கொள்ளும் என்பதால் அதிலிருந்து மழை பெய்வது அரிதாகிறது. மழைமறைவுப் பகுதி என்று பள்ளிப் பாடங்களில் ஒரே வரியில் சொல்லப்படும் இந்த நிகழ்வு, வயநாட்டு முத்தங்காவின் பசுமையிலிருந்து மத்தூர் வனச்சரகத்தின் வறண்ட இலையுதிர் காட்டுக்குள் நுழையும்போது சில மணி நேரப் பயணத்திலேயே கண்கூடாகிறது. தமிழகத்திலிருந்து செல்பவர்கள் கவனிக்க வேண்டிய இன்னொன்றும் உண்டு. கேரளத்தில் மழை உச்சத்தில் இருக்கும் ஜூலை மாதத்தில் குண்டலுபேட்டையில் தூறலும் காற்றும்தான் மிகுதி. இங்கே மழையின் உச்சம் ஆண்டுக்கு இருமுறை, மே மாத இடிமழையிலும் செப்டம்பர், அக்டோபர் மாதங்களிலும் வருகிறது. முதல் உச்சம் விதைப்புக்கு ஈரம் தருகிறது. ஏரி நிறைவதாக இருந்தால் அது பெரும்பாலும் இரண்டாம் உச்சத்தில்தான்.

கன்னடத்தில் கெரே என்று அழைக்கப்படும் இப்பகுதி ஏரிகள் இயற்கையாக உருவானவை அல்ல. மெல்லச் சரியும் பள்ளத்தாக்கின் குறுக்கே மண்கரை எழுப்பி, அடியில் தூம்பும் ஓரத்தில் மிகைநீர் வழியும் கோடியும் வைத்து, மேல் ஏரி நிறைந்து வழிந்தால் கீழ் ஏரிக்கு நீர் செல்லுமாறு சங்கிலியாக அமைக்கப்பட்டவை. தமிழகத்து ஏரிகளின் நெருங்கிய உறவினர்கள் என்று அவற்றைச் சொல்லலாம். அவற்றின் கரைமீது நடப்பவருக்கு எழ வேண்டிய முதல் கேள்வி, இத்தனை குறைந்த மழையில் இவை எப்படி நிறைகின்றன என்பதுதான். தோராயக் கணக்கு ஒன்று உதவும். இந்தப் பீடபூமியில் திறந்த நீர்ப்பரப்பிலிருந்து ஆண்டுக்கு 1,600 மில்லிமீட்டர் நீர் ஆவியாவதாகக் கொண்டால், ஒரு ஹெக்டேர் ஏரிப்பரப்பு ஆண்டு முழுவதும் நீருடன் இருக்கும் நிலையில் 16,000 கன மீட்டர் நீரை வெயிலுக்கும் காற்றுக்கும் கொடுத்துவிடும். அதன்மீது நேராக விழும் மழை 7,000 கன மீட்டர்தான். எஞ்சிய 9,000 கன மீட்டரைச் சுற்றியுள்ள நிலம் தர வேண்டும். பெய்த மழையில் நூற்றுக்கு ஐந்து பங்கு மட்டுமே நிலத்தின் மேல் ஓடி வருவதாக வைத்துக்கொண்டால், ஒரு ஹெக்டேர் நிலம் 350 கன மீட்டர் கொடுக்கும். அதாவது, பாசனத்துக்கு ஒரு சொட்டும் எடுக்காமல், ஆவியாவதை ஈடுகட்ட மட்டுமே, ஒரு ஹெக்டேர் ஏரிக்கு ஏறக்குறைய 26 ஹெக்டேர் நீர்ப்பிடிப்பு நிலம் தேவைப்படுகிறது. நீர்ப்பிடிப்பில் வரப்பும் தடுப்பணையும் சாலை மேடும் பெருகப் பெருக, இந்தக் கணக்கில் பற்றாக்குறை விழுவது எளிது.

காட்டில் தோன்றும் ஓடைகள் ஏரிகளைக் காப்பாற்றிவிடும் என்று நினைப்பதற்கும் இங்கே இடமில்லை. இதைச் சொல்வதற்குக் குண்டலுபேட்டையிலேயே நீண்டகால அளவீடுகள் உள்ளன. பெங்களூரு இந்திய அறிவியல் கழகமும் பிரான்ஸ் நாட்டின் ஆய்வு நிறுவனங்களும் இணைந்து, கபினி ஆற்றுப் படுகையில் இரண்டு நீர்ப்பிடிப்புகளைக் கூர்ந்து கவனித்து வருகின்றன. ஒன்று, பந்திப்பூர்க் காட்டுக்குள் மூலெஹொளே என்னுமிடத்தில் 4.1 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள, மனிதக் குடியிருப்பே இல்லாத நீர்ப்பிடிப்பு. மற்றொன்று காட்டை ஒட்டி வயல்கள் நிறைந்த, 84 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள பேரம்பாடி நீர்ப்பிடிப்பு. மரத்தின் உச்சியிலிருந்து நிலத்தடிப் பாறை வரை நீரும் காற்றும் மண்ணும் உயிரும் ஒன்றையொன்று மாற்றிக்கொண்டிருக்கும் மெல்லிய அடுக்கைப் புவியறிவியலாளர்கள் முக்கிய மண்டலம் என்கிறார்கள். அந்த மண்டலத்தை ஆராய்வதற்கான கண்காணிப்புக் களங்கள் உலகின் பல பகுதிகளில் உள்ளன, வெப்பமண்டலத்தில் அவை குறைவு. மூலெஹொளே அந்தக் குறைவான சிலவற்றுள் ஒன்று.

அங்கே கிடைத்த முடிவு பொதுப்புத்திக்குச் சற்று முரணானது. ஆண்டுக்கு ஏறத்தாழ 1,100 மில்லிமீட்டர் மழை பெறும் அந்தக் காட்டில், ஐந்தில் நான்கு பங்கு அளவுக்கு நீர், இலைகளின் வழியாகவும் மண்ணிலிருந்தும் ஆவியாகி வானத்துக்கே திரும்புகிறது. ஓடையில் ஓடுவது சிறு பங்கு. நிலத்தடி நீருக்குச் சேர்வது அதனினும் சிறிது. ஓடையின் அடிமட்டத்துக்கும் கீழே நிலத்தடி நீர்மட்டம் இருப்பதால் ஊற்றாகச் சுரந்து ஓடையை வாழவைக்க அதனால் முடிவதில்லை. பெருமழை பெய்த சில மணி நேரங்களுக்கு ஓடிவிட்டு ஓடை வறண்டுவிடுகிறது. பாறை சிதைந்து உருவான, சராசரியாகப் பதினைந்து மீட்டருக்கும் மேல் தடிமன் கொண்ட சிதைபடலத்தின் நுண்துளைகளில்தான் மழைநீரின் கணிசமான பகுதி தங்குகிறது, மரங்களின் ஆழ்வேர்கள் அதைத்தான் உறிஞ்சுகின்றன. மார்ச், ஏப்ரல் மாதங்களில், மழை வருவதற்குப் பல வாரங்களுக்கு முன்பே, தேக்கும் கருமருதும் வெண்தேக்கும் கலந்த இலையுதிர் காட்டில் துளிர் தோன்றும் புதிருக்கு விடையும் அங்கேதான் இருக்கிறது: மேல்மண் காய்ந்திருந்தாலும் முந்தைய ஆண்டுகளின் மழை ஆழத்தில் மிச்சமிருக்கிறது. காடு நீரைச் சுரக்கும் என்னும் வாசகம் மலை உச்சிச் சோலைகளுக்குப் பொருந்தலாம். வறண்ட இலையுதிர் காடு தனக்குக் கிடைத்ததைப் பெரும்பாலும் தானே குடித்துவிடுகிறது. அக்காடு ஏரிக்குச் செய்யும் பேருதவி வேறு வகையானது. இலைச்சருகும் வேரும் மண்ணைப் பிடித்துவைப்பதால், ஓடிவரும் சிறிதளவு நீரும் அதிக வண்டலைச் சுமக்காமல் வருகிறது.

காட்டெல்லையைத் தாண்டிப் பேரம்பாடிப் பக்கம் மண்சாலைகளில் செல்பவருக்குக் கணக்கின் மறுபாதி தெரியவரும். அங்கே மஞ்சளும் வாழையும் வெங்காயமும் செழித்திருக்கும். பாலங்களுக்கு அடியில் உள்ள ஓடைகள் வறண்டிருக்கும். இரண்டுக்கும் காரணம் ஆழ்துளைக் கிணறு. 1990களிலிருந்து அவை பெருகியதன் விளைவாகப் பள்ளத்தாக்குகளில் நிலத்தடி நீர்மட்டம் பல பத்து மீட்டர் இறங்கி, ஒரு காலத்தில் நிலத்தடி ஊற்றால் ஓடிய ஓடைகள் அதனுடன் தொடர்பறுந்து போயின. நைஸ் என்னும் கடினப் பாறையால் ஆன இந்நிலத்தில் நீர் தங்குவது பாறையின் விரிசல்களில்; ஆழம் செல்லச் செல்ல விரிசல்கள் அருகிவிடுவதால், மட்டம் இறங்கிய பின் அடுத்த ஒவ்வொரு மீட்டரிலும் கிடைக்கும் நீர் முன்னதைவிடக் குறைகிறது. பாசனத்துக்கு இறைத்த நீர் உரத்தைக் கரைத்துக்கொண்டு மறுபடியும் கீழே இறங்குவதால், பேரம்பாடியின் பல கிணறுகளில் நைட்ரேட் அளவு உயர்ந்திருப்பதையும் ஆய்வாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். கபினியிலிருந்து நீரை ஏற்றிக் கொண்டுவந்து வட்டத்தின் சில ஏரிகளை நிரப்பும் திட்டம் இப்பின்னணியில்தான் வந்தது. கோடையில் குண்டலுபேட்டை அருகே ஓர் ஏரி நிறைந்தும் அடுத்த ஏரி வெடித்தும் கிடந்தால், அந்த வேறுபாட்டுக்குக் காரணம் மழையைவிடக் குழாயாக இருக்கக்கூடும். எனினும் குழாய் நிரப்பிய ஏரியின் அடியிலிருந்து கசியும் நீர் அருகிலுள்ள கிணறுகளைச் சென்றடைகிறது என்பதால், நேரடிப் பாசனமே இல்லாத ஏரியும் பயனற்றதாகிவிடாது.

நீர் தேங்கிய ஏரிகளில் குளிர்காலத்துக்குத் தொலைதூர விருந்தினர்கள் வந்துசேர்கிறார்கள். நஞ்சன்கூடு வட்டத்தின் ஹதினாறு ஏரியில் ஆண்டுதோறும் தங்கும் பட்டைத்தலை வாத்துகள், மங்கோலியாவிலும் திபெத்திய பீடபூமியிலும் இனப்பெருக்கம் செய்து, இமயத்தைக் கடந்து வருபவை. மங்கோலியாவில் கழுத்துப்பட்டை இடப்பட்ட பறவைகள் இங்கே காணப்பட்டிருக்கின்றன. செயற்கைக்கோள் கருவி பொருத்திச் செய்த ஆய்வுகளில் சில வாத்துகள் 7,000 மீட்டருக்கும் மேலான உயரத்தில் பறந்தது தெரியவந்தது. ஆயினும் அவை நெடுநேரம் அவ்வுயரத்தில் மிதப்பதில்லை. காற்று அடர்த்தியாக இருக்கும் தாழ்வுகளை ஒட்டி, மலையின் மேடுபள்ளங்களைப் பின்பற்றி ஏறி இறங்கிப் பறப்பதே அவற்றின் வழக்கம். குறைந்த ஆக்சிஜனையும் இறுகப் பற்றும் ஹீமோகுளோபின் அவற்றின் குருதியில் உள்ளது. பகலில் ஏரியின் நடுவே ஓய்ந்திருந்து அந்தியில் வயல்களுக்கு மேயச் செல்லும் இவ்வாத்துகளைக் காணக் கரையில் அமைதியாக நிற்பதே போதும். நெருங்கிப் படமெடுக்க நீரோரம் இறங்குபவர் அவற்றைத் தேவையின்றிப் பறக்கவைத்து, திரும்பும் பயணத்துக்காகச் சேர்க்கும் கொழுப்பைக் கரைக்கிறார்.

ஏரிக்கரையில் விரும்பியபடி நடக்கும் சுதந்திரம் காட்டெல்லையில் நின்றுவிடுகிறது. 1973இல் தொடங்கிய புலிகள் பாதுகாப்புத் திட்டத்தின் முதல் காப்பகங்களுள் ஒன்றான பந்திப்பூரில், வனத்துறையின் வண்டியில் ஏறாமல் காட்டுத்தடங்களில் நடப்பதற்கோ மிதிவண்டி ஓட்டுவதற்கோ பொதுமக்களுக்கு அனுமதி இல்லை. நெடுஞ்சாலையிலிருந்து பார்ப்பவரை அழைப்பதுபோல் உள்ளே வளைந்து செல்லும் செம்மண் பாதைகள் பலவும் தீத்தடுப்புக் கோடுகளும் ரோந்துச் சாலைகளுமே. தரையோடு தரையாகப் பரவும் தீ தாண்ட முடியாதபடி சருகையும் புல்லையும் அகற்றிய வெற்றிடங்கள் அவை. உண்ணிச்செடி காய்ந்து விறகாகக் கிடந்த 2019 பிப்ரவரியில் ஆயிரக்கணக்கான ஏக்கர் எரிந்தபோது அவற்றின் தேவை அனைவருக்கும் விளங்கியது. அவற்றினும் பழைய தடங்கள் யானைகளுடையவை. நாளொன்றுக்கு 100 லிட்டருக்கும் மேல் நீர் குடிக்கும் விலங்கு, வறண்ட மாதங்களில் ஓடை வற்ற வற்ற அடுத்த நீர்நிலையை நோக்கி நகர்ந்தாக வேண்டும். பல டன் எடையுள்ள உடலைச் செங்குத்தாக ஏற்றுவது மிகுந்த ஆற்றலைச் செலவழிப்பதால், சரிவு குறைந்த வழிகளையே யானைக் கூட்டங்கள் தேர்ந்தெடுத்துத் தலைமுறைதோறும் பயன்படுத்துகின்றன. பந்திப்பூர், முதுமலை, நாகரஹொளே, வயநாடு ஆகிய காடுகளின் யானைகள் கோடையில் கபினி நீர்த்தேக்கத்தின் கரைகளில் திரள்வதும் இந்த நகர்வின் ஒரு பகுதிதான். வனத்துறை தோண்டிய குட்டைகளும் சூரிய ஆற்றலில் இயங்கும் பம்புகள் நிரப்பும் தொட்டிகளும், மூலெஹொளே காட்டிய அந்த ஓடைப் பஞ்சத்துக்கு மனிதர் செய்த ஈடு.

ஓசையும் புகையும் இல்லாமல் நடந்து செல்பவரைத் தடுத்து, டீசல் வண்டியை உள்ளே அனுப்புவது முரண் என்று இயற்கை ஆர்வலர்கள் சிலர் கேட்பதுண்டு. கேள்வி நியாயமானது, விடை ஆய்வுகளில் இருக்கிறது. பொழுதுபோக்குக்காக இயற்கைக்குள் செல்லும் மனிதர் விலங்குகள்மீது ஏற்படுத்தும் விளைவுகளைப் பற்றிய 274 ஆய்வுக்கட்டுரைகளை 2016இல் தொகுத்து மதிப்பிட்டபோது, இயந்திர வண்டிகளைவிட நடையும் மிதிவண்டியும் போன்ற இயந்திரமற்ற செயல்களிலேயே பாதகமான விளைவு சற்று அடிக்கடி காணப்பட்டது. வண்டி குறிப்பிட்ட தடத்தில், குறிப்பிட்ட வேகத்தில் வந்து போகிறது. விலங்குகள் அதை ஆபத்தற்ற பொருளாகக் கற்றுக்கொள்ள முடிகிறது. நடக்கும் மனிதனின் உருவமும் மணமும் குரலும் வேட்டையோடு தொடர்புடையவை, அவன் எங்கிருந்து தோன்றுவான் என்பதும் தெரியாது. தென்னாப்பிரிக்காவின் குரூகர் பூங்காவில் நீர்நிலைகளின் அருகே ஒலிபெருக்கி வைத்து நடத்தப்பட்டு 2023இல் வெளியிடப்பட்ட ஆய்வில், சிங்கத்தின் குரலைக் கேட்டபோதைவிட மனிதர் சாதாரணமாகப் பேசும் குரலைக் கேட்டபோது விலங்குகள் ஓடியது இரு மடங்கு அதிகம். நீர்நிலையை விட்டு விலகியதும் 40 விழுக்காடு விரைவாக. குடிப்பதற்கு ஒரே ஒரு குட்டை எஞ்சியிருக்கும் ஏப்ரல் மாதத்துப் பந்திப்பூரில் இவ்விளைவு எவ்வளவு கடுமையாக இருக்கும் என்பதை ஊகிப்பது கடினமல்ல. மனிதரைத் தவிர்க்கப் பாலூட்டிகள் இரவுக்கு ஒதுங்குகின்றன என்பதும் 62 இனங்களை வைத்து 2018இல் உலகளவில் காட்டப்பட்டிருக்கிறது. அவ்வாறு ஒதுங்கிய விலங்கிடமிருந்து இரவையும் பறித்துவிடக் கூடாது என்பதால், இரவு 9 மணி முதல் காலை 6 மணி வரை காட்டு நெடுஞ்சாலைகளில் 2009 முதல் நடைமுறையில் உள்ள போக்குவரத்துத் தடைக்கு, சாலை விபத்துகளைக் குறைப்பதற்கும் அப்பால் ஓர் உயிரியல் நியாயம் உண்டு.

இத்தடைகளின் சுமை எல்லோர்மீதும் சமமாக விழவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். இந்தத் தடங்களைத் தலைமுறைகளாக நடந்து அறிந்த ஜேனு குறும்பர், சோலிகர் ஆகிய பழங்குடியினர் காப்பகம் உருவான காலத்தில் காட்டின் உட்பகுதியிலிருந்து வெளியேற்றப்பட்டனர். இன்று அவர்களில் பலர் தீத்தடுப்பிலும் ரோந்திலும் கூலிக்கு நடப்பது அதே தடங்களில்தான். நகரத்திலிருந்து ஒருநாள் வருபவருக்கு நடை மறுக்கப்படுவதை அவர்கள் இழந்ததோடு ஒப்பிட முடியாது.

நடையின் ஆசையை ஓரளவு தீர்க்கும் உயரம் ஒன்று எஞ்சியிருக்கிறது. பந்திப்பூரின் மிக உயர்ந்த சிகரமான ஹிமவத் கோபாலசாமி மலை 1,454 மீட்டர் உயரமுள்ளது. தனியார் வண்டிகளுக்கு அனுமதியில்லாததால், அடிவாரத்திலிருந்து கர்நாடக அரசுப் பேருந்தில் மட்டுமே வேணுகோபாலர் கோயிலுக்குச் செல்ல முடியும். குண்டலுபேட்டையைவிட ஏறக்குறைய 650 மீட்டர் உயரம் என்பதால் அங்கே சராசரியாக 4 டிகிரி அளவுக்குக் குளிர்ச்சி கூடும். சமவெளியில் கண்ணுக்குத் தெரியாத ஈரம் மலை விளிம்பில் ஏறும்போது அந்தச் சில டிகிரிகளே போதும், மூடுபனியாகத் திரண்டுவிடுகிறது. அங்கிருந்து வடக்கே பார்த்தால் ஏரிச் சங்கிலிகள் எந்தப் பள்ளத்தாக்கை எப்படித் தொடர்கின்றன என்பது வரைபடத்தில் பார்ப்பதைவிடத் தெளிவாக விளங்கும்.

மிதிவண்டிக்கு உகந்தவை காட்டுக்கு வெளியே ஹங்களா, தெரகணாம்பி, பேரம்பாடி முதலிய ஊர்களை இணைக்கும் கிராமச் சாலைகள். ஒரே தொலைவை நடந்து கடக்கச் செலவாகும் ஆற்றலில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கில் மிதிவண்டி கொண்டுசேர்த்துவிடும். சமதரையில் அதன் முதன்மை எதிரி காற்றுத்தடை. அது வேகத்தின் இருபடிக்கு ஏற்ப உயர்கிறது. மணிக்கு 15 கிலோமீட்டர் வேகத்தில் செல்பவரை அதே வேகத்தில் எதிர்க்காற்று தாக்கினால் தடை நான்கு மடங்காகும். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை மேற்கிலிருந்து வீசும் பருவக்காற்று வயநாட்டுச் சாலையில் மேற்கு நோக்கிச் செல்பவருக்கு இதைத்தான் செய்கிறது. எனினும் இரவில் குளிர்ந்த தரையை ஒட்டிய காற்றடுக்கு கனத்துப்போய் மேலடுக்கின் வேகத்தோடு கலக்காமல் கிடப்பதால் விடியற்காலையில் காற்று மெலிந்திருக்கும். வெயில் ஏறித் தரை சூடான பின்னரே மேலிருக்கும் வேகம் கீழே இறங்குகிறது. ஆகவே காலையில் மேற்கே சென்று, பத்து மணிக்குப் பின் முதுகில் காற்றை வாங்கித் திரும்புவது சிக்கனம். சூரியகாந்தி வயல்களும் அந்தத் திசைக்கே ஒத்துழைக்கின்றன. இளஞ்செடிகள் தண்டின் இருபுறமும் மாறிமாறி வளர்வதால் கதிரவனைத் தொடர்ந்து திரும்பும். முதிர்ந்து மலர்ந்தவை கிழக்கையே பார்த்து நிலைத்துவிடும். காலை வெயிலில் விரைவாகச் சூடேறும் அம்மலர்களுக்குத் தேனீக்கள் மிகுதியாக வருவதும் ஆய்வில் அறியப்பட்டிருக்கிறது. மேற்கே செல்பவர் அவற்றின் முகத்தையும், திரும்புபவர் முதுகையும் பார்ப்பார்.

ஆனால் காற்று ஓய்ந்திருக்கும் அதே விடியற்பொழுதில்தான், இரவெல்லாம் வயல்களில் மேய்ந்த யானைகள் அகழிகளையும் தண்டவாள வேலிகளையும் கடந்து காட்டுக்குத் திரும்புகின்றன. காட்டை ஒட்டிய கடைசி ஊர்களில் கதிரவன் நன்றாக எழுந்து, உழவர்கள் வயலில் இறங்கிய பிறகு மட்டுமே மேற்கு விளிம்பை நெருங்குவது பாதுகாப்பு. அந்தி சாயும் முன் அங்கிருந்து விலகிவிடுவதும் அவ்வாறே. ஆகவே முதல் ஒன்றரை மணி நேரத்தை ஊருக்கு அருகிலுள்ள ஏரிக்கரைகளில் செலவிட்டு, ஏழரை மணிக்கு மேல் மேற்கே புறப்படுபவருக்குக் காற்று எழுவதற்குமுன் இரண்டு மணி நேரத்துக்குக் குறையாமல் கிடைக்கும். பேரம்பாடி வரை சென்று திரும்ப அது போதும்.